அன்ரனுக்கு வைத்தியர் தேடிப் போன கதை

நீரிழிவுக் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளான உங்களுக்கு ஊசி போடுவதையும் பிரஷர் பார்ப்பதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. என்றைக்காவது ஒரு நாள், கிளினிக் முடிகிற நேரம், மருந்தை வாங்கிக்கொண்டு போன ஒருவர் கதவடியில் நின்று திரும்பி உங்களைப் பார்ப்பார். "மிஸ், இதுக்கு எந்த டொக்டரிட்டப் போனா நல்லம்?" என்று கேட்பார். அதற்கான பதில் எந்தப் பாடத்திலும் இல்லை.

முழங்காலுக்கு, கண்ணுக்கு, பித்தப்பைக் கல்லுக்கு என்று அந்தக் கேள்வி என்னிடம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். "அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாது" என்று கையை விரித்துவிட்டும் இருக்கலாம். இரண்டும் லேசான காரியம். இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவந்தது அன்ரனுடைய விஷயத்தில்தான். அன்ரனும் அவர் மனைவி மேர்சியும் தங்கள் கதையைச் சொல்லலாம் என்று எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள்.

அன்ரன் ஆலங்குடா என்ற கரையோர ஊர்க்காரர். நாற்பதைக் கடந்தவர். சொந்தமாக ஒரு வள்ளமும் எஞ்ஜினும் வைத்திருந்தார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவரும், பக்கத்து வீட்டு மருமகனும் அவரோடு தொழிலுக்குப் போவார்கள். யுத்தம் முடிந்து, கடற்படையின் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது என்றிருந்த காலம் போய், கரை மறுபடியும் கலகலப்பாகியிருந்தது. எல்லாருக்கும் தொழில் ஏறிக்கொண்டு போன அந்த வருடங்களில் அன்ரனுக்கு உடம்புதான் ஏறியது. முதலில் காலில் ஒரு முறிவு. அதற்காக மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். பிறகு சீனி வருத்தம், அதற்குப் பின்னால் பிரஷர். எங்கள் கிளினிக்கின் பழைய தராசில் அவர் ஏறினால் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றுவிடும். அவர் குனிந்து அதைப் பார்க்கவே மாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில், கரைக்குத் திரும்பி வரும்போது, எஞ்ஜின் பிடித்தபடியே அன்ரன் தூங்கிவிட்டார். மற்ற இருவரும் முன்னால் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் தண்ணீருக்கடியில் கிடந்த முருகைக் கல்லில் ஏறி முகப்பு உடைந்தது. தம்பிக்காரர் தூக்கி எறியப்பட்டு, கை முறிந்து எங்கள் வார்ட்டுக்கு வந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஊரில் கதை வேறு விதமாகப் போனது. அன்ரன் குடித்துவிட்டு ஓட்டினார் என்றார்கள். அவர் குடிக்காதவர் என்று தெரிந்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள், ஏனென்றால் பட்டப்பகலில் ஒரு மனிதன் எஞ்ஜினைப் பிடித்தபடி தூங்குவான் என்று யாருக்கும் நம்ப முடியவில்லை. அதன் பிறகு அவரோடு கடலுக்குப் போக ஒருவரும் வரவில்லை.

தம்பியைப் பார்க்க வந்த இடத்தில்தான் மேர்சி அன்ரனை வற்புறுத்திக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். எங்கள் பொது வைத்திய நிபுணர் நிறைய நேரம் எடுத்துப் பேசினார். இது குடியோ சோம்பலோ இல்லை என்றார். உடற்பருமனால் தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபட்டு, இரவு முழுக்க மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் தன்னையறியாமல் கண் மூடுகிறது என்று விளக்கினார். சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மாத்திரை, நடை எல்லாம் முன்பே செய்து பார்த்தாயிற்று. இறங்கிய நிறை இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருந்தது. இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி, கொழும்பில் அதைச் செய்கிறவர்களிடம் காட்டக் கடிதமும் கொடுத்தார்.

அன்றைக்குக் கதவடியில் நின்று திரும்பியது மேர்சி. கேட்டது அதே கேள்வி.

மேர்சியுடைய அண்ணன் இத்தாலியில் இருந்தார். விஷயம் காதில் விழுந்தவுடனேயே அவர் கைத்தொலைபேசியில் தேடி, கொழும்பில் ஒரு தனியார் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சத்திரசிகிச்சைக்கு முன் இப்படி, பின் இப்படி என்று படங்கள். ஒரு வாரத்தில் திகதி தருவார்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மச்சானுக்குச் சொல்லியுமிருந்தார். மேர்சிக்கு அது நல்லதாகவும் பட்டது, பயமாகவும் இருந்தது.

எனக்கும் தெரியவில்லை. எங்கள் வைத்தியசாலையில் அந்தச் சத்திரசிகிச்சை ஒன்றுகூட நடந்ததில்லை. அதனால் நான் மத்தியானம் எங்கள் மயக்கமருந்து வைத்தியரிடம் போனேன். அவர் கொழும்பில் அப்படிப்பட்ட சத்திரசிகிச்சைக் கூடங்களில் வேலை செய்துவிட்டு வந்தவர். பெயர் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் அவர்கள் பெயரை நம்பிப் போவார்கள், வைத்தியரைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள் என்றார். அதற்குப் பதிலாக, யாரிடம் போனாலும் கேட்கச் சொல்லிச் சில கேள்விகளைத் தந்தார். இந்தச் சத்திரசிகிச்சையை எவ்வளவு காலமாக, எவ்வளவு அடிக்கடி செய்கிறார்? செய்ததில் பிழையாகிப் போனவை எவை, அப்போது என்ன செய்தார்? மயக்கமருந்து கொடுப்பவர் நோயாளியை முன்கூட்டியே பார்ப்பாரா? வீட்டுக்கு வந்த பிறகு ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது?

இவற்றை மேர்சிக்குச் சொன்னேன். மேர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், எனக்குக் கேக்க வராது. டொக்டர்மாருக்கு முன்னால எனக்கு நாக்கு எழும்பாது. அவரும் வாய் திறக்க மாட்டார்" என்றார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். எல்லாருக்கும் இப்படிப் போக உங்களால் முடியாது. என்னாலும் முடிந்ததில்லை. இந்த ஒருவருக்காக மட்டும்தான் போனேன்.

சிலாபத்தில் ரயில் ஏறினோம். இருந்த கொஞ்ச நேரத்திலேயே அன்ரன் தூங்கிவிட்டார். குறட்டை பெட்டி முழுக்கக் கேட்டது. எதிரில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு குறட்டை சட்டென்று நின்றது. மூச்சும் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. மேர்சி பழக்கப்பட்ட கையால் அவர் தோளைத் தட்டினார். பெரிய இழுப்பொன்று இழுத்து மூச்சு திரும்பியது. தினமும் இரவில் இதைத்தான் செய்கிறேன் என்று மேர்சி மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் வருடக்கணக்கில் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் அண்ணன் கண்டுபிடித்த தனியார் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த வைத்தியர் மிகவும் அன்பாகப் பேசினார். அவரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, காத்திருக்கவே தேவையில்லை. அன்ரனிடம், நீங்கள் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், சின்னத் துளைகள்தான், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். படங்களைக் காட்டினார். அன்ரனுடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தன்னை ஒரு மனிதனாக மதித்து யாராவது பேசி அவருக்கு நிறைய நாளாகியிருந்தது.

நான் மயக்கமருந்து வைத்தியர் தந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எத்தனையோ செய்திருக்கிறேன் என்றார். பிழையாகிப் போனவை பற்றிக் கேட்டபோது, தன் கையில் அப்படி ஒன்றும் நடந்ததில்லை என்று புன்னகைத்தார். மயக்கமருந்துக்காரர் அன்றைக்குக் காலையில் வந்து பார்ப்பார் என்றார். வீட்டுக்குப் போன பிறகு ஏதும் நடந்தால்? பக்கத்தில் இருக்கிற வைத்தியசாலைக்குப் போகலாமே என்றார்.

பக்கத்தில் இருக்கிற வைத்தியசாலை என்றால் நாங்கள்தான். எங்களில் ஒருவர்கூட அப்படிச் சிறிதாக்கிய இரைப்பையைப் பார்த்ததில்லை.

அன்ரன் எப்படித் தூங்குகிறார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரத்துக்குத் திகதி குறித்துத் தந்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்தான், ஆதாரம் எதுவும் இல்லை. கடிதத்தில் இருந்த அரசாங்கப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று சொன்னேன். அன்ரனுக்குப் பிடிக்கவில்லை. வாடைக்காலம் தொடங்கினால் எங்கள் பக்கக் கடல் அடங்கும், தொழில் சூடு பிடிக்கும். அதற்குள் உடம்பைக் குறைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏற வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அரசாங்கக் கிளினிக் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

மறுநாள் இத்தாலியிலிருந்து அண்ணன் எனக்கே அழைப்பு எடுத்தார். கோபமாகத்தான் பேசினார். நான் ஒரு வழியைக் காட்டினால் நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள், காத்திருக்கிற நேரத்தில் என் மச்சான் தூக்கத்திலேயே செத்துப்போனால் நீங்கள் பொறுப்பெடுப்பீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்படி நடந்திருக்கவும் கூடும்.

"இல்ல தம்பி, பொறுப்பெடுக்க எனக்கு ஏலாது" என்றேன். "முடிவும் என்ட முடிவு இல்ல. அன்ரன்தான் முடிவெடுக்கணும். ஆனா ரெண்டு பேரையும் பாத்துட்டு எடுக்கட்டும். அதுக்கு மட்டும் விடுங்க."

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. குடும்பத்தில் ஒருவர் பயத்தில் சத்தம் போடும்போது, அவரைச் சமாதானப்படுத்த நாம் நினைப்பதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்துவிடுவோம். அல்லது கோபத்தில், எப்படியாவது செய்துகொள்ளுங்கள் என்று விலகிவிடுவோம். அன்றைக்கு இரண்டையும் செய்யாமல் நின்றதுதான் நான் செய்த வேலை.

அன்ரன் அரைமனதோடுதான் வந்தார். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒரே சனம். காலையில் போய் மத்தியானம் வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அன்ரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, அப்படியே தூங்கிப்போனார். பெயரைக் கூப்பிட்டபோது அவருக்குக் கேட்கவில்லை. மேர்சி எழுப்பப் போனார். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்து, எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒல்லியான, ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. சேலைக்கு மேல் வெள்ளைக் கோட் போட்டிருந்தார். அவர்தான் சத்திரசிகிச்சை நிபுணர்.

அவர் வாங்குக்கு எதிரே நின்று அன்ரன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை ஏறியது, நின்றது. அவர் அன்ரனுடைய நெஞ்சையே பார்த்தார். மூச்சு திரும்பி வரும் வரை நின்றார். மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். இத்தனை சனம் காத்திருக்கும்போது அவருக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை. பிறகுதான் மேர்சியிடம், இரவிலும் இப்படியா, எவ்வளவு காலமாக, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மேர்சிக்கு நாக்கு எழும்பியது. எல்லாவற்றையும் சொன்னார். வள்ளம் கல்லில் ஏறியதையும் சொன்னார்.

உள்ளே போன பிறகு அந்த அம்மா சிரித்துப் பேசவில்லை. அன்ரனுடைய வயிற்றை அழுத்திப் பார்த்தார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், மனம் எப்படியிருக்கிறது, சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகக் கேட்டார். அன்ரன் குனிந்தபடி, ஓம், தோன்றியிருக்கிறது என்றார். மேர்சி அதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டார். மனநல வைத்தியரையும் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். ஒரு மாத்திரை எழுதுகிற குரலில் சொன்னதால் அன்ரனுக்கு அது வெட்கமாகப் படவில்லை.

நான் என் கேள்விகளைக் கேட்டேன். வருடக்கணக்கில் இதைத்தான் முக்கியமாகச் செய்கிறேன், அதோடு ஒரு குழு இருக்கிறது என்றார். பிழையாகிப் போனவை பற்றிக் கேட்டபோது அவர் பேனையை மூடி வைத்துவிட்டு அன்ரனைப் பார்த்துப் பேசினார். தைத்த இடம் சிலருக்குக் கசிந்திருக்கிறது என்றார். அப்படியானவர்களை மறுபடியும் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒருவர் இறந்துபோனார். அவருக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கும். அதற்குப் பிறகு, தூங்கும்போது மூச்சுக்கு உதவும் இயந்திரத்தோடு சில காலம் தூங்கி உடம்பு தேறாமல் அப்படிப்பட்ட எவரையும் மேசையில் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன் என்றார்.

அன்ரனுடைய முகம் வெளிறிப்போனது.

அதனால் அடுத்த மாதம் அடுத்த வாரம் என்று திகதி தர முடியாது என்று முடித்தார். முதலில் இயந்திரம், பிறகு கல்லீரலில் கொழுப்பு இறங்குவதற்கான சாப்பாடு, மயக்கமருந்து நிபுணரை நேரில் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டுக்குப் போன பிறகு ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். "மட்ட கத்தா கரண்ட" என்றார். என்னைக் கூப்பிடுங்கள். வார்ட்டின் இலக்கத்தோடு தன் சொந்த இலக்கத்தையும் மேர்சியின் கைத்தொலைபேசியில் பதியச் சொன்னார். நாங்கள் எழும்பும்போது, வெளியே வாங்கில் இருந்த ஒரு பஸ் சாரதியைக் காட்டினார். அவருக்குச் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அவரோடு கதைத்துவிட்டுப் போங்கள் என்றார். அந்த மனிதர் ஒளிக்காமல் சொன்னார். தலைமயிர் கொட்டியது, ஆரம்பத்தில் ஒரு வாய் கூடினாலும் வாந்தி, ஆயுளுக்கும் மாத்திரை, கல்யாண வீட்டில் தட்டைப் பார்த்து அழுகை வந்தது. ஆனால் சீனிக்கு ஊசி போடுவதை நிறுத்தியாயிற்று என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது ரயிலில் அன்ரன் தூங்கவில்லை. ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மரணத்தைக் கேட்டுவிட்டு வருகிற மனிதன், ஒன்றும் நடக்காது என்று சொன்ன இடத்துக்குத்தான் போவார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். சிலாபத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவராகவே பேசினார்.

"கடலுக்குப் போறவன் எவனுக்கும் வள்ளம் ஒருக்காவது எங்கயாவது முட்டியிருக்கும், மிஸ். எனக்கு ஒண்டுமே நடந்ததில்ல எண்டு ஒருத்தன் சொன்னா, அவன் கடலுக்குப் போனவனில்ல. இல்லாட்டி சொல்லாம மறைக்கிறான். அப்பிடிப்பட்டவன்ட வள்ளத்தில நான் ஆளனுப்ப மாட்டன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டொக்டர் முட்டினதச் சொன்னவ. முட்டினதுக்குப் பிறகு என்ன மாத்தினவ எண்டும் சொன்னவ" என்றார்.

நான் கேள்விகளைக் கொண்டுபோனேன். பதில்களை எடைபோட்டது அவர், தன் தொழிலை வைத்து. நாம் சேர்ந்து பார்த்தால் நம் நோயாளிகளுக்கு முடிவெடுக்கத் தெரியும். பெயரைச் சொல்லி அந்த வேலையை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம்.

இயந்திரத்தை அண்ணன்தான் வாங்கி அனுப்பினார். கோபம் தணிந்திருந்தது. முகத்தில் முகமூடியைக் கட்டிக்கொண்டு தூங்க அன்ரன் முதலில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் சில வாரங்களில் கிளினிக்குக்கு வந்தவருடைய கண்ணே வேறாக இருந்தது. மேர்சியும் அவரும் வருடங்களுக்குப் பிறகு விடியும் வரை தூங்கினார்களாம். வாடைக்காலம் வந்தது, போனது. மற்ற வள்ளங்கள் இறங்கும்போது அவர் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தை இழந்தது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் முதல் இடத்தின் பேச்சை எடுக்கவில்லை.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்தார். கஞ்சித் தண்ணீரும் சூப்பும் கரண்டியால் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் மூச்சு விட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், கிளினிக் நடந்துகொண்டிருக்கும்போது மேர்சி அழைப்பு எடுத்தார். பெரிதாக ஒன்றுமில்லை மிஸ் என்றுதான் தொடங்கினார். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. இடது தோளில் ஒரு நோவு, கொஞ்சம் களைப்பு, ஆள் பேச்சுக் குறைவு. வாய்வு என்று அயலவர்கள் சொல்கிறார்களாம், இஞ்சிச்சாறு கொடுக்கலாமா என்று கேட்கத்தான் எடுத்தார். நாடித்துடிப்பைப் பார்க்கச் சொன்னேன். பார்க்கும் விதத்தை முன்பே பழக்கியிருந்தேன். மேர்சி எண்ணிவிட்டுச் சொன்ன எண்ணைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். படுத்திருக்கும் மனிதனுக்கு, காய்ச்சல் இல்லாத மனிதனுக்கு, இதயம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றும் கொடுக்க வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம், உடனே கூட்டி வாருங்கள் என்றேன். நுரைச்சோலையில் இருந்த ஒரு உறவினரின் வான் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் அன்றைக்கு இருந்த இளம் வைத்தியர் கவனமானவர். இந்தச் சத்திரசிகிச்சையைத் தான் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொன்னதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். வயிறு மென்மையாகத்தான் இருந்தது. சேலைன் ஏற்றிக்கொண்டு சாயந்தரம் வரை பார்ப்போமா, அல்லது இப்போதே அனுப்புவதா? அனுப்பி ஒன்றுமில்லை என்று வந்தால் ஒரு அம்புலன்ஸ் வீண். பார்த்துக்கொண்டிருந்து ஏதும் இருந்தால் ஒரு உயிர் வீண்.

ஊகித்துக்கொண்டு நிற்காமல், தெரிந்தவரிடம் கேட்போம் என்று மேர்சியின் கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். இரண்டாவது மணியில் அந்த அம்மாவே எடுத்தார். வைத்தியர் விவரம் சொன்னார். நாடித்துடிப்பைக் கேட்டதும், மற்ற எதையும் கேட்காமல், உடனே அனுப்புங்கள் என்றார். மூக்கால் குழாய் போட வேண்டாம், தையலைக் கிழித்துவிடும். நோவு மாத்திரை கொடுத்து அறிகுறியை மறைக்க வேண்டாம். இந்த இந்த அன்ரிபயோட்டிக்கை இப்போதே ஏற்றி அனுப்புங்கள், நான் இங்கே இருக்கிறேன். எங்கள் மயக்கமருந்து வைத்தியரும் இறங்கி வந்து அம்புலன்ஸில் கூட ஏறினார்.

அவர்கள் போன பிறகு நான் கிளினிக்குக்குத் திரும்பினேன். இருந்த நோயாளிகளைப் பார்த்து முடித்தேன். மனதுக்குள் பிரார்த்தனை ஓதிக்கொண்டேதான் ஊசி போட்டேன்.

கசிவுதான். சிறியது, ஆனால் உள்ளே பரவத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே மறுபடியும் திறந்து கழுவி, குழாய் வைத்தார்கள். வாடி வதங்கி வெளியே நின்ற மேர்சியிடம் அந்த அம்மா தானே வந்து பேசியிருக்கிறார். "நான் தைத்த இடம்தான் கசிந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த எதாலும் இல்லை, அவர் செய்த எதாலும் இல்லை. குணமாக நாளெடுக்கும். நான் கூட இருப்பேன்." வாரக்கணக்கில் வாயால் ஒன்றும் இல்லாமல், குழாயால் சாப்பாடு ஏற்றித்தான் அன்ரன் பிழைத்தார். ஒவ்வொரு காலையும் அந்த அம்மா வந்து கட்டிலடியில் நின்றார் என்று மேர்சி சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும், பூசை முடிந்து தான் போகும்போது அவர் தனக்கு முன்னே நிற்பார் என்றார்.

அண்ணன் மறுபடியும் எனக்கு அழைப்பு எடுத்தார். அனுபவமுள்ளவரிடம் போயும் இப்படி ஆகிவிட்டதே என்றார். இந்தத் தடவை கோபம் இல்லை, குழப்பம்தான். நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் கசிவே வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. அனுபவம் அதைக் குறைக்கும், இல்லாமலாக்காது. ஆனால் நல்ல சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடுவது கசிவு வராத நாளுக்காக மட்டுமல்ல. கசிவு வருகிற நாளில் தொலைபேசியை எடுக்கவும், கேட்டவுடனே அடையாளம் காணவும், என் தையல்தான் என்று சொல்லவும் ஒருவர் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உங்கள் கையில் பிழையாகிப் போனது எது என்று கேளுங்கள். ஒருவர் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் மற்ற எல்லாம் தெரிந்துவிடும். அண்ணன் "ஓம் அக்கா" என்றார். அதுவரைக்கும் என்னை அவர் மிஸ் என்றும் கூப்பிட்டதில்லை, அக்கா என்றும் கூப்பிட்டதில்லை.

அன்ரன் தேறி வர மாதங்கள் எடுத்தன. முதலில் நிறை வேகமாக இறங்கியது, பிறகு மெதுவாக. ஊசி நின்றது, பிரஷர் மாத்திரை குறைந்தது, இயந்திரத்தையும் வைத்தியர்கள் சோதித்துப் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள். மனநல வைத்தியரிடம் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அது தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். தராசில் ஏறும்போது குனிந்து முள்ளைப் பார்ப்பார், பிறகு எங்களிடம் வாசித்துச் சொல்வார்.

அவரோடு கடலுக்குப் போக முதலில் சம்மதித்தது கை முறிந்த அந்தத் தம்பிதான். ஆனால் எஞ்ஜினைத் தம்பிதான் பிடித்தார். அன்ரன் முன்னால் இருந்து வலை இழுத்தார். சொந்த வள்ளத்தில் அப்படி இருந்தது பற்றி அவர் ஒரு வார்த்தையும் முறையிடவில்லை. அந்தப் பருவத்தின் நடுவில் பக்கத்து வீட்டு மருமகனும் திரும்பி வந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன், ஒரு காலையில் கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. அன்ரனுடைய இலக்கம். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எடுத்தேன். காற்றும் எஞ்ஜின் சத்தமும்தான் முதலில் கேட்டது. என்ன, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல மிஸ்" என்றார். "கரைக்கு வந்துகொண்டிருக்கிறம். விடிய விடிய வலை இழுத்துப்போட்டு அவங்க ரெண்டு பேரும் முன்னால படுத்திட்டாங்க, நல்ல நித்திரை. நான்தான் எஞ்ஜின் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். நான் மட்டுந்தான் முழிச்சிருக்கிறன். அதை ஆருக்காவது சொல்லணும் போல இருந்துது."